தாத்தாவைக் காப்பி முதலாளி ஆக்கிய கதை

என் தாத்தா செத்த பதினாறாம் நாள் பாடுவதற்கென்று அவர்மேல் இருபத்துநான்கு பாட்டு எழுதினேன். அவற்றில் உண்மையாக இருந்தது அவருடைய பெயர் ஒன்றுதான். அதையும் ஓசை இடித்ததால் கொஞ்சம் நீட்டியிருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கண்டியில் காப்பி மூட்டைகள் அடுக்கும் ஒரு கிட்டங்கியில் கணக்கெழுதும் கிளாக்கர். மேலே கோட்டு, காலில் சப்பாத்து, போதாக்குறைக்குத் தமிழ்ப் புலமை வேறு. நிகண்டில் பாதி மனப்பாடம் (தெய்வப் பெயர்களும் மக்கட் பெயர்களும் ஆகிவிட்டன, விலங்கின் பெயர்களுக்கு வந்தபோது அலுத்துவிட்டது).

தாத்தா கருப்பணனோ மாட்டுப் பட்டியில் பிறந்து பட்டியிலேயே வளர்ந்தவர். அவருடைய அம்மா சாணி அள்ளிக்கொண்டிருந்தபோது வலி எடுத்து, கன்றுகளுக்கு நடுவில் பெற்றுப் போட்டாளாம். காப்பி வந்த புதிதில் அக்கரையிலிருந்து வண்டி மாடுகளோடு கண்டிச் சீமைக்கு வந்து, கம்பளையில் மகாவலிக் கரையில் பட்டி போட்டார். பக்கத்திலேயே வீடு கட்டினார். ஆனால் அதற்குள் அவருக்குத் தூக்கம் வராது. நாலு மாடு அசைபோடும் சத்தம் காதில் விழவேண்டும். காப்பித் தோட்டங்களுக்கெல்லாம் எரு கொடுத்தவர் அவர்தான். காப்பியோடு அவருக்கிருந்த உறவு வேரோடு சரி. ஒரே ஒருமுறை குடித்துப் பார்த்து, இதுக்கா இவ்வளவு சாணி போட்டோம் என்று துப்பிவிட்டாராம்.

இப்படிப்பட்டவர் மேல் எப்படி ஐயா சரமகவி பாடுவது? கருமாதியில் இறந்தவர் புகழைப் பாட்டாகப் பாடுவது அப்போது படித்த வீடுகளில் ஒரு பெருமை. அதோடு, என் தங்கச்சி செல்லாயிக்குக் கெலிஓயாவில் கடை வைத்திருந்த முத்தையாவின் மகனைப் பேசியிருந்தது. வெற்றிலை பாக்கு மாற்றுவதற்குள் தாத்தா போய்விட்டார். செல்லாயி அந்தப் பையனைக் கம்பளை ஸ்டேஷனில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

முத்தையா கருமாதிக்கு வருகிறார் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாணி அள்ளிய குடும்பம் என்று எண்ணிவிட்டால் தங்கச்சி கதி? கிட்டங்கியில் உட்காருவேன், எழுந்திருப்பேன், மூட்டைகளைச் சுற்றி நடப்பேன், ஒரு வரி எழுதி இரண்டு வரி அடிப்பேன். கடைசியில் ஒரு யோசனை பிறந்தது. எருவை எடுத்துவிட்டேன். காப்பியை வைத்துக்கொண்டேன்.

ஆறாம் பாட்டில் தாத்தா ஆயிரம் ஏக்கர் காப்பியை ஆண்டார். பத்தாம் பாட்டில் துரைமார் அவர் வாசலில் காத்துக் கிடந்தார்கள். பதினான்காம் பாட்டில் காப்பிக் கொட்டையைப் பொன்னென அளந்து கப்பலேற்றினார். முன்வரிசையில் இருந்த பட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முத்தையாவின் முகம் பாட்டுக்குப் பாட்டுக் கறுத்துக்கொண்டே வந்தது. துக்கம் என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன்.

அந்த வருஷம் நடந்துகொண்டிருந்ததை நான் சொல்லியாக வேண்டும். காப்பிக்கு நோய் வந்து, இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் பூத்து, மலை மலையாகச் செடிகள் மொட்டையாகிக்கொண்டிருந்தன. காப்பியை நம்பியவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். (என் கிட்டங்கியே பாதி காலி. அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்துதான் ஆயிரம் ஏக்கரை எழுதினேன்.)

பதினேழாம் பாட்டில் முத்தையா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"மாட்டுக்காரர் வீடுன்னுதானே தரகர் சொன்னாரு? காப்பின்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? எங்கண்ணன் குடும்பம் காப்பியை நம்பி நடுத்தெருவுல நிக்குது. இன்னொரு காப்பி வீட்டுல கைய நனைக்க மாட்டேன். நாங்க ரயிலுக்குப் போறோம்."

அப்பா பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார். "சம்பந்தி, எங்ககிட்ட ஒரு காப்பிச் செடிகூடக் கிடையாதுங்க. சத்தியமாச் சாணி மட்டுந்தான்."

முத்தையா என் கோட்டையும் சப்பாத்தையும் பார்த்தார். "இவரு மாட்டுக்காரர் பேரனா? எனக்கே கதை சொல்றீங்க."

பின்கட்டில் செல்லாயி விசும்புவது கேட்டது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பட்டியில் இறங்கி ஒரு மாட்டைப் பிடித்துக் காட்டும்படி அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

இறங்கினேன். பாட்டேடும் கையில் இருந்தது. தாத்தாவின் செவலைப் பசு என் சப்பாத்தை உற்றுப் பார்த்தது. கயிற்றைப் பிடித்து மரியாதையாக "வா" என்றேன். வரவில்லை, போயிற்று. நானும் கூடவே போனேன், கால்களால் அல்ல. எருக்குழி வந்ததும் அது ஒதுங்கிக்கொண்டது. எனக்கு ஒதுங்கத் தெரியவில்லை. பாடாத ஏழு பாட்டும் என்னோடு உள்ளே இறங்கின.

அப்போது செல்லாயி முந்தானையைச் செருகிக்கொண்டு பட்டிக்குள் வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வரக்கூடாத பெண். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் கொடுத்தாள். தாத்தா கொடுக்கிற அதே சத்தம். செவலை திரும்பி நடந்து வந்து அவள் தோளில் தாடையை வைத்தது. அவள் குனிந்து அதன் முன்னங்காலைத் தூக்கிக் குளம்பைத் தடவி, முள் ஒன்றைப் பிடுங்கி எறிந்தாள்.

முத்தையா அவள் கையையும் அந்தக் குளம்பையும் பார்த்தார். பிறகு குடையைச் சுவரில் சாத்தினார்.

"ரயிலு போகட்டும்," என்றார். "அடுத்ததுல போய்க்கலாம்."

இப்போது அந்த மலைகளில் எல்லாம் தேயிலை. செல்லாயியின் மகனுக்கே பெண் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டில் யாராவது யாரையாவது அளவுக்கு மீறிப் புகழ்ந்தால், உடனே ஒரு கேள்வி எழும். எழுந்ததும் எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள். அந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டவர் மாயாண்டி. தாத்தாவோடு நாற்பது வருஷம் பட்டியில் கிடந்தவர். கருமாதி அன்று மாலை நான் ஆற்றில் கோட்டை அலசிக்கொண்டிருந்தபோது மாடுகளைத் தண்ணீருக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். எனக்கு வெட்கம் என்பதே கிடையாது. பாட்டு எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டேன்.

மனிதர் ஒரு மாட்டின் முதுகில் தண்ணீரை வாரி இறைத்தார்.

"பாட்டு நல்லாத்தான் இருந்திச்சு தம்பி," என்றார். "ஆமா, செத்தது யாரு?"