பெரியப்பாவை இறக்கும் வேலை

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம், பெரியப்பா நலம், வண்டியின் பின்சக்கரத்துக்கு மட்டும் கொஞ்சம் சுகமில்லை. அத்தான் நலமா? சின்னவனுக்குப் பல் முளைத்துவிட்டதா?

"பெத்த அப்பனை மக தெருவுல விட்டுட்டான்னு நாலு பேர் பேசுறாங்க. நீ படிப்பையும் விட்டுட்டுச் சும்மாதானே இருக்கே, போய் அவர் குடியிருக்கிற அந்த வேனை விட்டு இறக்கிக் கூட்டிட்டு வா" என்று நீங்கள் என்னை அனுப்பி இன்றோடு ஐந்து நாள். அன்னிய மனிதரிடம் மணி கேட்கவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். முப்பத்திநாலு வருஷம் லிஃப்ட் ஓட்டியவரிடம் நான் என்ன பேசுவது? கதவைத் தட்டியதுமே "எத்தனை பேர்?" என்றார். "நான் மட்டும்தான் பெரியப்பா" என்றதும், "அப்ப ஏறிக்க" என்று வழிவிட்டார்.

உள்ளே எல்லாம் மாடிக் கணக்குதான். செருப்பு தரைத்தளம், பாத்திரம் முதல் மாடி, சர்க்கரை இரண்டாம் மாடி இடது பக்கம். நான் வலது பக்கம் கைவிட்டு உப்பை எடுத்துத் தேநீர் போட்டுவிட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "மாடி சரி, வாசல்தான் தப்பு" என்றார், அவ்வளவுதான். படுத்த இடத்திலிருந்தே அடுப்பு, மின்விசிறி, கதவு, மூக்குக்கண்ணாடி நான்கும் அவர் கைக்கு எட்டுகின்றன. முன்பு உங்கள் வீட்டில் இருந்தபோது கண்ணாடியைத் தேடியே பாதிப் பொழுது போனதாம்.

சாயங்காலமானால் தெரு ஆட்கள் வேறு வந்துவிடுகிறார்கள். வந்தவர்கள் உட்காருவதில்லை, எல்லோரும் கதவைப் பார்த்தபடி வாய்திறக்காமல் நிற்கிறார்கள். யாரும் என்னை 'ஏன் படிக்கப் போகவில்லை' என்று கேட்கவில்லை அக்கா, அது ஒன்றுதான் நிம்மதி. நேற்று ஐந்தாவதாக மெக்கானிக் அண்ணன் ஏறியதும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. பெரியப்பா உடனே பழைய லிஃப்ட் மணியை அடித்து, "ஓவர்லோடு! கடைசியா ஏறுனவர் இறங்கணும்" என்றார். "நான் காலையிலயே வந்து சொல்லிட்டுத்தானே போனேன், நான் எப்படிக் கடைசி?" என்றார் அவர். இஸ்திரிக்கார அம்மா, "சொல்லிட்டுப் போனது வாய்தானே, இப்ப ஏறுனது தொந்தி" என்றார். சிரித்த சிரிப்பில் பின்சக்கரம் காற்றை விட்டது.

சக்கரம் மாற்றும்போது எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "பெரியப்பா, இறங்குங்க" என்றேன்.

பழக்கதோஷத்தில், "எந்த மாடி?" என்றார்.

"அக்கா வீடு. மூணாவது."

அவர் முகம் சின்னதாகிவிட்டது. "அங்க லிஃப்ட் இல்லம்மா. ஊரையே படியேற விடாம கொண்டு போயி விட்டவன் நான். என் முழங்கால் மூணு மாடி ஏறிச்சுன்னா அப்புறம் இறங்காது. மேலயே கிடக்கணும். எம்மக முகத்தைப் பாக்க ஆசைதான்... அவ ஒரு தடவைகூட இந்த வண்டிக்குள்ள வந்து பாக்கலியே" என்றார்.

ஆனாலும் நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் எப்படியாவது அழைத்து வருகிறேன். அறையைத் தயாராக வையுங்கள். அத்தானுக்கு வணக்கம், சின்னவனுக்கு முத்தம், பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒரு பாதி வணக்கம். பேசுகிற நாலு பேரில் அவரும் ஒருவர் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சொல் தட்டாத தங்கை

பி.கு.: அறை வேண்டாம், அதில் துணி காயப்போடுங்கள். தபால்தலை இல்லையே என்று பார்க்காதீர்கள். உங்கள் கட்டடத்துக்குக் கீழே வண்டியே வந்து ஒரு மணி நேரமாகிறது. நான்தான் படியேறி வந்தேன், அழைப்பு மணியை அடிக்க வெட்கமாக இருந்ததால் இதைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டு ஓடுகிறேன். சின்னவனையும் தூக்கிக்கொண்டு இறங்கி வாருங்கள். அவன் எடைக்கெல்லாம் மணி அடிக்காதாம். சீக்கிரம் அக்கா, பெரியப்பா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே நிற்கிறார்.