பியூட்டியோடு நடந்து ஜெயித்த பந்தயம்

குதிரை ஏறத் தெரியும் என்று யாரிடம் வேண்டுமானாலும் பீற்றிக்கொள்ளலாம், குதிரையிடம் மட்டும் முடியாது. இந்த ஞானம் எனக்கு வந்தபோது, முட்டுக்காட்டில் ஒரு குதிரையின் முதுகில், கையில் கடிவாளத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது எனக்கு நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. என் அக்கா புருஷன் பாலு மாமா, மாமல்லபுரம் கடற்கரைக்கு வருபவர்களை ஏற்றி ஒரு ரவுண்டு கூட்டிப்போகும் குதிரை ஒன்று வைத்திருந்தார். பெயர் பியூட்டி. அதன் மேல் நானும் பல தடவை ஏறியிருக்கிறேன் (மாமா கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார்). அந்த அனுபவத்தை வைத்து ஆபீசில் நான் விட்ட கதைகளைக் கேட்டிருந்தால், செஞ்சிக் கோட்டையைப் பிடித்ததே நான்தான் என்று நினைத்திருப்பீர்கள்.

அந்த வருஷம் ஒரு குதிரை கிளப், முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை கடலோரமாக நெடுந்தூரப் பந்தயம் நடத்தியது. கிளப்பின் பெரிய மனிதர் ஒருவர், முறுக்கு மீசைக்காரர், இடம் பார்க்க வந்தபோது மாமாவிடம், "பீச் குதிரைங்களா? எல்லாம் எலும்பும் தோலும். முதல்ல இதையெல்லாம் இங்கேருந்து விரட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"அது துன்னுச்சானு பாத்துட்டுத்தான் நான் துன்றேன். எலும்பும் தோலுமாம்! பந்தயத்துல டாக்டரே குதிரைய பாக்கறாங்களாமே? பாக்கட்டும். என் வெயிட்டுக்கு நான் ஏறுனா அதுக்குப் பாவம். நீ போ கீதா. உனுக்குத்தான் சூப்பரா ஓட்டத் தெரியுமாமே!"

(என் பீற்றல் அக்கா வழியாக வீடு வந்து சேர்ந்திருந்தது.) மாமாவின் முகத்தைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

அந்தப் பந்தயத்தின் விதிகள் விசித்திரமானவை. முதலில் வந்தால் மட்டும் போதாது. பாதி வழியிலும் முடிவிலும் கால்நடை மருத்துவர் குதிரையைச் சோதிப்பார். குறித்த நேரத்துக்குள் அதன் இதயத் துடிப்பு இறங்காவிட்டாலோ, கால் நொண்டினாலோ ஆட்டம் காலி. அடிக்கக் கூடாது. வேண்டுமானால் இறங்கிக் கூடவே நடக்கலாம், ஆனால் முடிவுக்கோட்டைக் குதிரை மேல் உட்கார்ந்துதான் தாண்ட வேண்டும். குதிரையின் நலனுக்காக இவ்வளவு யோசித்தவர்கள், மேலே உட்கார்ந்திருப்பவளின் நலனைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

கிளம்பும் முன் போட்டோ எடுத்தார்கள். கேமராவைப் பார்த்ததுதான் தாமதம், பியூட்டி நேராக அதன் முன்னால் போய்க் கழுத்தை வளைத்து நின்றது. கடற்கரையில் தினமும் அதற்கு அதுதானே வேலை! கொடி அசைந்து, மற்ற குதிரைகள் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு போய்விட்டன. போட்டோக்காரர் கேமராவைக் கீழே இறக்கிய பிறகுதான் எங்கள் மகாராணி நகர்ந்தது.

நன்றாகத்தான் போனது. 'கீதா, நீ பிறவி வீராங்கனை' என்று எனக்கு நானே சொல்லி முடிப்பதற்குள் திரும்பியது. கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது. கடற்கரையில் ஒரு ரவுண்டின் தூரம் அவ்வளவுதான். சவாரி முடிந்தது, இறங்கு என்று அர்த்தம். கெஞ்சினேன், கொஞ்சினேன். மறுபடி போய், மறுபடி அதே இடத்தில் திரும்பியது. வேறு வழியில்லாமல் இறங்கினேன். உடனே சாதுவாக என் பின்னால் நடந்து வந்தது. வேலை முடிந்தால் மாமாவோடு அப்படித்தான் வீட்டுக்குப் போகும்.

ஆக, அந்தக் குதிரைப் பந்தயத்தில் நான் நடந்தேன். வெயிலில், மணலில், செருப்பாலும் தாங்க முடியாத சூட்டில் நடந்தேன். கோவளம் பக்கம் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மா கூப்பிட்டுக் கேட்டார்.

"இன்னாம்மா, குதிர கீது, நீ இன்னாத்துக்கு நடந்துகினு போற?"

"பந்தயம்கா."

"யாருக்கு? உனுக்கா?"

பாதி வழிச் சோதனை ஒரு சவுக்குத் தோப்பில். எனக்கு வெகுநேரம் முன்பே பாய்ந்து வந்த மீசைக்காரரின் உயர்ஜாதிக் குதிரை அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியும் துடிப்பு இறங்கவில்லை. மருத்துவரம்மா அதைப் பந்தயத்திலிருந்து நீக்கிவிட்டார். அடுத்து பியூட்டியின் விலாவில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது ஓடி வந்ததா, தூங்கி வந்ததா?"

பிறகு கால் சோதனை. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நான் ஓட, குதிரை பக்கத்தில் ஓடிவர வேண்டும்.

"ஒரு கால் நொண்டுது" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. மாமாவுக்கு என்ன பதில் சொல்வேன்?

"குதிரைக்கு இல்லம்மா, உங்களுக்கு. குதிரை பாஸ். நீங்க போய் உட்காருங்க."

உட்கார நேரமேது? மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தபோது, பந்தயத்தை முடித்தவர்கள் சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். முடிவுக்கோடு தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் மாமா, அக்கா, கடற்கரைக் கூட்டம் மொத்தமும். ஏற வேண்டுமே! கவிழ்த்துப்போட்டிருந்த ஒரு படகின் மேல் நின்று எப்படியோ ஏறிவிட்டேன். பியூட்டி கம்பீரமாகக் கிளம்பியது. கூட்டம் கைதட்டியது. கோட்டுக்குச் சற்று முன்னால், அதன் கணக்குப்படி ஒரு ரவுண்டு முடிந்துவிட்டது. திரும்பிப் படகடிக்கே வந்து நின்றது.

இன்னொரு தடவை. அதே கதை. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வெளியாள் யாரும் குதிரையைத் தொடக் கூடாது என்று நடுவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நேரம் முடியப்போகிறது. மாமா கோட்டுக்கு அப்பால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த அழுகையிலும் முட்டுக்காட்டு போட்டோ ஞாபகம் வந்தது. "மாமா! கேமரா! கேமராவைத் தூக்கச் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

மாமாவுக்குச் சட்டென்று புரிந்தது. "எல்லாரும் தூக்குங்கப்பா! பீச் போட்டோக்காரரே, மின்னாடி வா, சீக்கிரம்!"

கழுத்தில் தொங்கிய கேமராக்கள் எல்லாம் மேலே எழுந்தன. பியூட்டி காதை நிமிர்த்தியது. நடந்தது. வழக்கமாகத் திரும்பும் இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து, கோட்டைத் தாண்டி, கூட்டத்தின் நடுவில் போய்க் கழுத்தை வளைத்து நின்றது.

முடித்தவர்களில் நான்தான் கடைசி. ஆனால் அந்தப் பந்தயத்தில், முடித்த குதிரைகளில் மிக ஆரோக்கியமானதற்கு என்று தனிக் கோப்பை உண்டு. மருத்துவரம்மா எல்லாவற்றையும் மறுபடி தடவி, தட்டி, ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "பியூட்டி" என்று அறிவித்தார். "இந்தக் குதிரையை வளர்த்தவர் யார்? அவரைப் பார்க்கணும்" என்றும் கேட்டார்.

கோப்பையை எடுத்துக் கொடுத்தவர் மீசைக்காரர். "சார், எலும்பும் தோலும் வந்துகீது, பாத்துக்க" என்றார் மாமா. சொல்லிவிட்டுப் பியூட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார். மீசைக்காரர் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய சந்தோஷம் அதுவரை வந்ததில்லை. கால் கொப்புளம்கூட இனித்தது.

என் கல்யாணத்தில், கூச்சத்தில் நான் மேடைக்கு வராமல் தயங்கியபோது, "யாராவது கேமராவைத் தூக்குங்கப்பா, தானா வரும்" என்று மாமா சத்தம் போட்டார். சம்பந்தி வீட்டார் காரணம் கேட்க, அக்கா முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். இன்று என் மகள் வரைக்கும் அது வந்துவிட்டது. நான் எங்கேயாவது கிளம்பாமல் அடம்பிடித்தால், வாசலில் போய் நின்று செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறாள். திட்டத்தான் நினைக்கிறேன். அதற்குள் கழுத்து தானாக வளைந்துவிடுகிறது.