பம்பு கடிக்காது

வீட்டுச் சொந்தக்காரராக இருப்பதற்கு எந்தப் படிப்பும் தேவையில்லை. ஒரு வீடு இருந்தால் போதும். வீட்டுச் சொந்தக்காரருடைய மாப்பிள்ளையாக இருப்பதற்கு அந்த வீடுகூடத் தேவையில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில் இந்த இரண்டாவது பதவி எனக்குக் கிடைத்தது. அதை எவ்வளவு கண்ணியமாக வகித்தேன் என்பதற்கு என் இரண்டு உள்ளங்கைகளிலும் இன்றைக்கும் அத்தாட்சி இருக்கிறது.

மாமனார் வேலாயுதம் துறைமுகத்துக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்றுவந்தவர். திருவொற்றியூரில் சொந்த வீட்டில் குடியிருந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். (யாராவது 'வீட்டோட மாப்பிள்ளையா?' என்று கேட்டால் 'ஆபீஸுக்குக் கிட்ட' என்பேன். ஆபீஸுக்கு அங்கிருந்து ரயிலும் பிடித்து டிராமும் பிடிக்க வேண்டும்.) இராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் அவருக்கு இன்னொரு வீடு இருந்தது. நடுவில் முற்றம், முற்றத்தில் ஓர் அடிபம்பு, சுற்றிலும் அறைக்கு ஒரு குடும்பமாகக் குடித்தனக்காரர்கள். அந்த வீட்டின் நிர்வாகத்தைக் கல்யாணம் ஆன கையோடு என்னிடம் ஒப்படைத்தார். இன்டர்மீடியட்டில் நான் பௌதிகம் படித்தவன் என்பதும், அந்த வீட்டில் மின்சார விளக்கு இருந்தது என்பதுமே அதற்குக் காரணம். நான் எப்படிப் பாஸ் செய்தேன் என்பதை அவர் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.

அந்த வீட்டுக்கு ஒயரிங் செய்தவர் மாமனாருக்கு வேண்டிய ஒருவர். கோயில் திருவிழாவுக்கு விளக்குத் தோரணம் கட்டுவது அவர் தொழில். திருவிழா முடிந்ததும் அவிழ்த்துவிடப் போகிற வேலையை எவ்வளவு பிடிமானத்தோடு செய்வாரோ அவ்வளவு பிடிமானத்தோடு இதையும் செய்திருந்தார். பம்புக்கு மேலே ஒரு தகரக் கூரை. அந்தக் கூரையைத் தாங்கிய இரும்புக் கம்பத்தில் சணலால் ஒயரைக் கட்டி, நுனியில் ஒரு பல்பைத் தொங்கவிட்டிருந்தார். கம்பத்தையும் பம்பையும் சேர்த்து ஒரு கம்பியால் இறுக்கியிருந்தார், பம்பு ஆடாமல் இருக்க. கடற்காற்று நாலு வருஷம் அந்த ஒயரை நக்கிப் பார்த்தது. அப்புறம் பம்பு கடிக்க ஆரம்பித்தது.

'கடிக்கிறது' என்பது என் சொல் அல்ல, கன்னியம்மாவின் சொல். கன்னியம்மா மீன் விற்பவள். புருஷன் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவன். வாடகை வாங்கப் போன என்னை வாசலிலேயே மடக்கினாள்.

"இன்னா நைனா, உன் பம்பு தொட்டா சுர்ர்ருன்னு கடிக்குது. காதர் பாய் சம்சாரம் நேத்து குடத்தப் போட்டுட்டு அலறிச்சு. அது புள்ளத்தாச்சி. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது?"

காதர் பாய் தோல் கிடங்கில் வேலை பார்ப்பவர். சத்தமாகப் பேசத் தெரியாதவர். "ஆமா தம்பி, கொஞ்சம் பாருங்க," என்று மட்டும் சொன்னார்.

நான் பார்த்தேன். விஞ்ஞான முறைப்படி பார்த்தேன். அதாவது, ரப்பர் அடி வைத்த கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு, காய்ந்த தரையில் நின்று, கைக்குட்டையைச் சுற்றிய ஒரு விரலால் பம்பைத் தொட்டேன். ஒன்றும் செய்யவில்லை. அதன் பிறகு கூடியிருந்தவர்களுக்கு ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன். "இது கடலோரம். பூமிக்கடியில் உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீருக்கு இயற்கையாகவே ஒரு காந்த சக்தி உண்டு. உடம்புக்கு நல்லது. வாத நோய்க்கு வெள்ளைக்காரர்கள் இதைத் தேடிப் போய் எடுத்துக்கொள்கிறார்கள்."

"அவ்ளோ நல்லதுன்னா உன் மாமனார இட்டாந்து ரெண்டு வேளை புடிக்கச் சொல்லேன்," என்றாள் கன்னியம்மா.

நான் அதைக் காதில் வாங்கவில்லை. பம்பின் கைப்பிடியில் அவர்கள் ஒரு பழந்துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்கள். நான் ஆபீஸுக்குப் போய்விட்டேன்.

கன்னியம்மா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக மின்சார ஆபீஸுக்குப் போனாள். வாடகைக்கு விட்ட வீடு, பம்பில் கரண்டு வருகிறது, கர்ப்பிணி இருக்கிறாள் என்று அங்கிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அடுத்த வாரமே இன்ஸ்பெக்டர் வந்து சோதனை போடுவார் என்று மாமனாருக்குத் தகவல் வந்தது. ஒயரிங் சரியில்லை என்றால் லைனைத் துண்டித்துவிடுவார்களாம்.

மாமனார் என்னைக் கூப்பிட்டார். "மாப்ளே, அந்த ஒயரிங் நானே கூட நின்னு போட வெச்சது. அதுல குத்தம் சொன்னா என்னைச் சொன்ன மாதிரி. நீங்க படிச்சவரு. பாத்துக்குங்க."

"கவலையே படாதீங்க மாமா," என்றேன். (இந்த வார்த்தைக்காக என்னை யாராவது அப்போதே அடித்திருக்க வேண்டும்.)

சோதனைக்கு நான் வீட்டைத் தயார் செய்த விதத்தைச் சொன்னால் நீங்களே என்னைத் தேடி வந்து அடிப்பீர்கள். ஒயரைத் தொடவே இல்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். வாசலில் மாவிலைத் தோரணம் கட்டச் சொன்னேன். சோதனை நாள் காலையில் முற்றம் முழுவதையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வைத்தேன். பம்பில் சுற்றியிருந்த பழந்துணி கண்ணை உறுத்தியது. "இது என்ன கலீஜ்? அதிகாரி வர்ற நேரத்துல!" என்று நானே அதை அவிழ்த்துத் தெருவில் எறிந்தேன். மாமனார் பட்டுக்கரை வேட்டி, அங்கவஸ்திரம் சகிதம் வந்திருந்தார். என் மனைவி சரோஜாவும், புருஷனுடைய திறமையைப் பார்க்கவென்றே கூட வந்திருந்தாள். ஈரத்தில் கெட்டுப்போகுமே என்று ஷூவைக் கழற்றி வாசலில் வைத்தேன். வீட்டுக்காரர் தோரணைக்காக நானும் வேட்டிதான் கட்டியிருந்தேன். ஆக, வெறுங்காலோடு, ஈர முற்றத்தில், துணி இல்லாத பம்புக்குப் பக்கத்தில் நான் தயாராக நின்றேன். தற்கொலை செய்துகொள்ள நினைக்கிறவன்கூட இவ்வளவு முன்னேற்பாடு செய்யமாட்டான்.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். கையில் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார். கைப்பிடியைச் சுழற்றி ஒயரின் யோக்கியதையைக் கண்டுபிடிக்கும் கருவி அதற்குள் இருந்தது. தோரணத்தை அவர் பார்க்கவில்லை. சுண்ணாம்பையும் பார்க்கவில்லை.

"மெயின் ஸ்விட்ச் எங்கே?" என்றார்.

காட்டினேன். அது ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. பெட்டியில் பூட்டுத் தொங்கியது. குடித்தனக்காரர்கள் யாரும் ஸ்விட்சில் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காக மாமனார் செய்திருந்த ஏற்பாடு. சாவி என் இடுப்பில், அரைஞாண் கயிற்றில் பத்திரமாக இருந்தது.

"ஏன் பூட்டியிருக்கு?"

"பாதுகாப்புக்கு, சார்."

"யாருடைய பாதுகாப்புக்கு?"

நல்ல கேள்வி. "முதல்ல காபி சாப்பிடுங்க சார், அப்புறம் திறக்கறேன்," என்றேன்.

"எனக்குக் காபி வேண்டாம். புகார் பம்பைப் பத்தித்தான் வந்திருக்கு," என்று அவர் முற்றத்துக்கு நடந்தார். "புகார் கொடுத்தது யாரு?"

"நாந்தான் சார்," என்று கன்னியம்மா முன்னால் வந்தாள். "மாசக் கணக்கா கடிச்சிகினு கீது. இந்த நைனாவாண்ட சொன்னா, ஒடம்புக்கு நல்லதுன்றாரு."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். மாமனாரும் பார்த்தார். சரோஜாவும் பார்த்தாள். குடித்தனக்காரர்கள் மொத்தப் பேரும் பார்த்தார்கள். காதர் பாயின் மனைவி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அறை வாசலிலிருந்து பார்த்தாள். இன்ஸ்பெக்டர் குனிந்து தன் கருவிப் பெட்டியைத் திறந்து ஒயர்களை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் எடுத்து முடிக்கும் வரை பொறுத்திருந்தால் எனக்கு என்ன நஷ்டம்? ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"இதுக்கெல்லாம் கருவி எதுக்கு சார்? இதோ பாருங்க, ஒன்றும் இல்லை..." என்று சொல்லிக்கொண்டே இரண்டு கைகளாலும் பம்பைப் பிடித்தேன்.

"தொடாதய்யா!" என்று அவர் கத்தியது என் காதில் விழுந்தது. 'ஒன்றும்' என்ற சொல்லில் நான் அப்போது இருந்தேன். அதைத் தாண்ட முடியவில்லை.

"ஒ... ஒ... ஒ... ஒன்... ஒன்... றும்... றும்..."

என் கைகள் என்னுடையவையாக இல்லை. விட நினைத்தேன், அவை இன்னும் இறுக்கிப் பிடித்தன. பல்லெல்லாம் தந்தி அடித்தது. தகரக் கூரையும் வானமும் கன்னியம்மாவின் முகமும் ஒன்றாகச் சேர்ந்து ஆடின. சுற்றியிருந்தவர்கள் கொஞ்ச நேரம் சும்மாதான் நின்றார்கள். பம்பு எப்படிக் கடிக்கிறது என்று அவர்களைக் கேலி செய்து நடித்துக் காட்டுகிறேன் என்று நினைத்தார்களாம். (என் நடத்தை அதற்கு இடம் கொடுத்திருந்தது.)

முதலில் பதறியவர் மாமனார். "மாப்ளே! இன்னா ஆச்சு மாப்ளே!" என்று பாய்ந்து வந்து என் தோளைப் பிடித்தார். அவ்வளவுதான், அவரும் என்னோடு ஆட ஆரம்பித்தார். மாமனாரும் மாப்பிள்ளையும் அவ்வளவு ஒற்றுமையாக ஒரு காரியத்தைச் செய்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அப்போதுதான் சரோஜா அலறினாள். "ஐயோ, அப்பா!"

உயிர் போகிற நேரத்திலும் அந்த வார்த்தையை நான் கவனித்தேன்.

"மெயினை அணைங்க! சாவி எங்கே? சாவி!" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

"அவரு இடுப்புல கீது சார்!" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

என் இடுப்பை நெருங்க யாருக்குத் தைரியம் வரும்? கன்னியம்மாவின் அறை வாசலில் காய்ந்த மரத்துடுப்பு ஒன்று சாய்த்து வைத்திருந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என் நெஞ்சுக்கும் பம்புக்கும் நடுவில் விட்டு ஒரு நெம்பு நெம்பினாள். கை விடவில்லை. "வுடுரா கஸ்மாலம்!" என்று என் மணிக்கட்டில் ஓங்கி ஒன்று வைத்தாள். நானும் மாமனாரும் சேற்றில் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தோம். என் வேட்டி என்னோடு விழவில்லை. அது பம்பில் மாட்டிக்கொண்டு நின்றது. அதனால் சாவி எல்லோர் கண்ணுக்கும் நன்றாகத் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் அதை அறுத்து எடுத்துப் போய் மெயினை அணைத்தார்.

காதர் பாய் தன் தோள்துண்டை என் மேல் போட்டுவிட்டு என் பாதத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். "அல்லா காப்பாத்திட்டான் தம்பி, மூச்சு வுடுங்க, நல்லா வுடுங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருடைய மனைவி மாதக்கணக்கில் அந்தப் பம்பில்தான் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் இருந்தது ஒரு பழந்துணி. அதையும் நான் காலையில் எடுத்து எறிந்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் வர இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால், அன்றைக்கு அதை முதலில் பிடித்திருப்பவள் அவள்தான். நடுக்கம் நின்ற பிறகும் எனக்கு நடுங்கியது இதை நினைத்துத்தான். அந்த நடுக்கத்தை இன்று வரை என்னால் கிண்டல் செய்ய முடியவில்லை.

மாமனாருக்கு மூச்சு வந்ததும் பேச்சும் வந்துவிட்டது. "குடித்தனக்காரி வூட்டுக்காரனைத் துடுப்பால அடிக்கிறதா! இன்னிக்கே காலி பண்ணு!"

"பண்றேன் பெருசு. நான் மட்டும் அடிக்காம இருந்தா இந்நேரத்துக்கு ஒங்க ரெண்டு பேரையும் மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குக் காலி பண்ணிகினு போயிருப்பாங்கோ," என்றாள் கன்னியம்மா.

மாமனார் சரோஜாவைத் திரும்பிப் பார்த்தார், மகள் தன் பக்கம் பேசுவாள் என்று. அவள் கன்னியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் லைனைத் துண்டித்தார். ஒயர் முழுவதையும் மாற்ற வேண்டும், பம்புக்குப் பக்கத்திலேயே ஒயர் போகக் கூடாது, மெயின் ஸ்விட்ச் குடியிருப்பவர்கள் கைக்கு எட்ட வேண்டும், பூட்டு என்ற பேச்சே கூடாது என்றார். கிளம்பும்போது என்னிடம், "என் சர்வீஸ்ல எத்தனையோ வீட்டை சோதனை பண்ணிருக்கேன். வீட்டுக்காரரே சோதனைக் கருவியா வந்தது இதுதான் முதல் தடவை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமனார் விட்டால் அந்த வேலையை அடுத்த திருவிழா வரை தள்ளிப்போட்டிருப்பார். தோரணக்காரரையே மறுபடி கூப்பிடலாமா என்றுகூட ஒரு யோசனை ஓடியது. அன்று சாயங்காலம் சரோஜா திருவொற்றியூர் வீட்டு மெயினை அணைத்தாள்.

"அங்க லைட் எரியற அன்னிக்கு இங்கயும் எரியட்டும்பா. அதுவரைக்கும் அரிக்கேன்தான்."

மாமனாருக்கு ரேடியோவில் கச்சேரி கேட்காவிட்டால் சோறு இறங்காது. அவ்வளவு வேகமாக ஒரு லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் கிடைத்ததை இராயபுரம் அதற்கு முன் கண்டதில்லை. காதர் பாய்க்குப் பெண் குழந்தை பிறந்தபோது அந்த அறையில் நல்ல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கன்னியம்மா கடைசி வரை காலி செய்யவில்லை. காலி செய்யும்படி சொல்லும் தைரியமும் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வரவில்லை.

நான் நிர்வாகப் பதவியை ராஜினாமா செய்தேன். ஆனால் ஒரு வசனம் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. யாராவது ஒன்றை அளவுக்கு மீறிய நிச்சயத்தோடு சொன்னால், "பம்பத் தொட்டுச் சொல்லு" என்பார்கள். பையன் பரீட்சை நன்றாக எழுதினேன் என்றால், பம்பு. தையற்காரர் தீபாவளிக்கு முன்னால் சட்டை தருகிறேன் என்றால், பம்பு. கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வதெல்லாம் எங்களிடம் எடுபடாது.

போன வாரம் இதை எழுதி முடித்துச் சரோஜாவுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். வேட்டி விஷயத்துக்குச் சிரித்தாள். கடைசியில் முகம் சுளித்தாள்.

"எல்லாம் சரி. ஆனா நான் 'அப்பா'ன்னா கத்தினேன்? உங்களைத்தான் கூப்பிட்டேன்."

"பம்பத் தொட்டுச் சொல்லு," என்றேன்.

அடுப்பில் பால் வைத்திருப்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.