திசு சார் பார்த்த ஆண்டிமடத்து வயிறு

பெரம்பலூரில் மனிதர்களை முகத்தை வைத்து அல்லாமல் குடலை வைத்து ஞாபகம் வைத்திருந்த ஒரே ஆள், திசு சார் என்று ஊரே கூப்பிடும் எங்கள் லேப் டாக்டர்தான். பஸ் ஸ்டாண்டில் ஒருவரைப் பார்த்தால் பெயர் வராது. “உங்க பித்தப்பை நல்லா இருந்துச்சுங்களே” என்பார். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் சதைத்துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து அவர் சொல்வார், நான் டைப் அடிப்பேன். ஒருநாள் என் டிபன் பாக்ஸிலிருந்த ஈரல் வறுவலை லென்ஸுக்கடியில் வைத்துவிட்டு, குடிகார ஆடு போலிருக்கிறது என்றார். அன்றிலிருந்து நான் தயிர்சாதம்தான்.

2004 வாக்கில் ஆண்டிமடத்திலிருந்து ஒரு வயிற்றுத்துணுக்கு வந்தது. முந்திரித்தோப்புக்காரர் கலியமூர்த்தியுடையது. வேறு ஊரில் பார்த்தவர்கள் நிணநீர்ப் புற்று, ஊசி மருந்து போதும் என்று எழுதியிருந்தார்கள். சார் இரண்டு நாள் லென்ஸைவிட்டு எழவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். திருவிழாக் கூட்டம்போல ஊதாப் புள்ளிகள்.

அத்தனையும் உடம்பைக் காக்கும் வெள்ளணுக்கள் என்றார். அந்த நெரிசலுக்குள் அழிந்த கோலம்போல அங்கங்கே வெளிறிய செல்கள். அவைதான் புற்று, இரைப்பையின் உள்தோலில் பிறந்தது. அதற்குள் வைரஸ் இருப்பதால்தான் இவ்வளவு வெள்ளணுக்கள் கூடியிருக்கின்றன என்று சந்தேகப்பட்டு, துணுக்கைச் சோதிக்கச் சென்னைக்கு அனுப்பினார். வைரஸ் இருந்தது. இந்த வகை அவ்வளவு சீக்கிரம் பரவாது, வெட்டியெடுத்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம் என்றார்.

கலியமூர்த்தியோ, ஊசியே போதும் என்றார்களே, ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். சார் மைக்ராஸ்கோப்பும் அந்தத் துணுக்கும் இருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்; துணைக்கு நான். ஜெயங்கொண்டம் தாண்டியதும் பக்கத்து சீட்டுக்காரர் பெட்டியில் என்ன என்று கேட்டார்.

“ஒருத்தரோட வயிறுங்க.”

அதற்குப் பிறகு நாங்கள் காலை நீட்டி உட்கார்ந்து போனோம்.

ஆண்டிமடத்து வீட்டு முற்றத்தில் வெயிலை மைக்ராஸ்கோப்பின் அடிக்கண்ணாடியில் பிடித்து, கலியமூர்த்தியின் வயிற்றை அவருக்கே காட்டினார் சார். அவர் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார்.

“இவ்ளோ பேரும் எனக்காவவா வந்துருக்காங்க?”

“ஆமாங்க. ஆனா அவங்களால மட்டும் முடியலைங்க. நீங்களும் வரணும்.”

மறுவாரமே திருச்சியில் ஆபரேஷன் நடந்தது. கலியமூர்த்தி கஞ்சி குடித்துவிட்டார் என்று போன் வந்த அன்று, சார் அடுத்த ரிப்போர்ட் சொல்ல உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நானும் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவரோடு சும்மா உட்கார்ந்திருந்தேன்.