கேமுக்குப் பொய் சொல்லும் மாப்பிள்ளை

காட்பாடி,
செவ்வாய்க்கிழமை.

அரக்கோணத்தில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் வேலு அவர்களுக்கு,

அருணகிரி பணிவுடன் எழுதிக்கொண்டது. உங்கள் தங்கச்சி மீனாம்பாளும் மகள் தமிழினியும் நானும் உடம்பளவில் சுகம். மனசளவில் உங்கள் தங்கச்சி மட்டும்தான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன், ஏனென்றால் கடைசியில் உங்களுக்கு ஒரு அலைச்சல் வைத்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் நான் போனை எடுத்தாலே உங்கள் தங்கச்சி டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறாள். அதனால்தான் பதிவுத் தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கொண்டுவந்த ஆற்காடு சம்பந்தத்தை நிறுத்திவிட வேண்டும். பையன் சூரியபிரகாஷ் ஆம்பூர் ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டரில் அளவு வரைகிறான், நல்ல சம்பளம், கெட்ட பழக்கம் இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள். எனக்கு அப்போதே உறுத்தியது. அந்தக் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக என் ஆயுசில் பாதியைக் கழித்தவன் நான். டிபன் டப்பாவில் சோத்துக்கு அடியில் ஷூ லைனிங் தோலை மடித்து வைத்துக்கொண்டு "வெறும் தயிர்சாதம் சார்" என்றவனை எல்லாம் முகத்தைப் பார்த்தே பிடித்திருக்கிறேன். எனக்கப்புறம் அந்த வேலைக்கு வந்த ஜெயப்பிரகாஷிடம் பையனைப் பற்றி விசாரித்தேன். "தங்கமான பையன் சார், நாங்க கேக்கறதுக்கு முன்னாடியே பையைத் தொறந்து காமிச்சுட்டுதான் போவாரு" என்றான். மச்சான், கேட்பதற்கு முன்னால் பையைத் திறப்பவனைத்தான் முதலில் சோதனை போட வேண்டும். இதுகூடத் தெரியாதவனிடம் கேட்டை ஒப்படைத்திருக்கிறார்கள். சரி, பார்ப்போம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க வந்த பையன், சொல்லாமல் கொள்ளாமல் ஆற்காட்டு இனிப்பு மக்கன் பேடாவோடு வீட்டுக்கே வந்துவிட்டான். பெண் பார்க்க வந்த அன்று கூடத்தில் எதிர்வீட்டு ஹலீமா பீயின் தோல் சோபாவைப் போட்டிருந்தோமே, நீங்கள்கூட ஒரு முனையைத் தூக்கினீர்களே, ரிட்டயர் ஆனபோது கம்பெனி கொடுத்தது என்று நான் சபைக்காக ஒரு வார்த்தை சொன்னேனே, அந்த சோபா அன்று சாயங்காலமே திரும்பிப் போய்விட்டது. இப்போது இவன் வந்து நிற்கும்போது எதிர்வீட்டுக் கதவு விரியத் திறந்திருக்கிறது, ஹலீமா பீ அதே சோபாவில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறார். இவன் அவரைப் பார்த்தான், சோபாவைப் பார்த்தான், வணக்கம் சொன்னான், உள்ளே வந்து எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். சோபா எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனுஷன் என்றால் கேட்க மாட்டானா?

தமிழினி ஆஸ்பத்திரி லேபில் ஞாயிறு டூட்டி முடிந்து வர நேரமாகும் என்றதும் பையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தான். நடுவில் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள். "இன்னா தம்பி இது?" என்றேன். "கையிலயே வெச்சு கேம் ஆடற கம்ப்யூட்டர் மாமா. உள்ள விண்டோஸ் இல்ல, லினக்ஸ் ஓடுது" என்றான். அதில் கோட்டை கட்டுகிற பழைய கேம் ஒன்று இருந்தது. அதைச் செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்களாம், உள்ளே எப்படி எழுதினார்கள் என்பதை யாருக்கும் காட்டவே இல்லையாம், அதனால் திறந்து திருத்தவும் வழியில்லையாம். அது விண்டோஸில் மட்டும்தான் ஓடுமாம். "பின்ன இதுல எப்படிப்பா ஓடுது?" என்றேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

"நடுவுல ஒரு புரோகிராம் உக்காந்துக்கும் மாமா. கேம் இன்னா கேட்டாலும் விண்டோஸ் மாதிரியே அது பதில் சொல்லும். நீ விண்டோஸான்னு கேட்டா, ஆமான்னு சொல்லும். சிடி போட்டிருக்கான்னு கேட்டா, போட்டிருக்குன்னு சொல்லும்."

"சிடி போட்டிருக்கா?"

"வீட்ல பத்திரமா இருக்கு மாமா. இதுல காப்பிதான். இன்னொண்ணு, மெமரி இவ்ளோ ஜாஸ்தி இருக்குன்னு தெரிஞ்சா பழைய கேம் பயந்துபோய் நின்னுடும். அதனால கம்மியா இருக்கறதா சொல்லி வெச்சிருக்கேன்."

மச்சான், சம்பந்தம் பேசுகிற இடத்தில் உள்ளதைக் கூட்டிச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது ஊர் வழக்கம். உள்ளதைக் குறைத்துச் சொல்கிறவனை நம்பலாமா? போதாததற்கு "புடிச்சுப் பாருங்க மாமா" என்று பெட்டியை என் கையிலேயே கொடுத்தான். என் கட்டை விரல் எதில் பட்டதோ, திரையில் கோட்டை தீப்பற்றிக்கொண்டது. நம் வேலூர்க் கோட்டையிலாவது ராஜா மட்டும்தான் இல்லை, அதில் சேவகன், குதிரை, தானியக் கிடங்கு எல்லாம் சாம்பல். வாரக்கணக்கில் கட்டியதாம். "பரவால்ல மாமா, திரும்பக் கட்டிக்கலாம்" என்று சிரிக்கிறான். கோபமே வராதவன் மனசில் எதை மறைத்து வைத்திருப்பான் என்று அவன் முகத்தையே உற்றுப் பார்த்தேன். உங்கள் தங்கச்சியோ அவனுக்கு இன்னொரு தோசை ஊற்றப் போய்விட்டாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். அந்நேரம் அவன் அம்மா வீடியோவில் கூப்பிட்டார்கள். வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். "இன்னாடா, அந்தத் தோல் சோபாவைக் காணோம்?" என்று சத்தமாகவே கேட்டார்கள். நான் எழுந்து ஃபேன் ஸ்விட்சைத் தேடினேன். இந்தப் பையன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "பாலிஷுக்குப் போயிருக்கு அம்மா. ஒரிஜினல் தோலு, வெயில்ல வெடிச்சிடும்ல" என்றான். அவன் தோல் கம்பெனிக்காரன் அல்லவா, அந்தம்மா "அதுவும் சரிதான்" என்று நம்பிவிட்டார்கள். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "கொஞ்சம் தண்ணி குடுங்க மாமா" என்கிறான். பெற்ற தாய்க்கே இப்படிச் சொல்கிறவன் நாளைக்கு நம் தமிழினிக்கு என்னென்ன சொல்வான்? அந்தக் கறுப்புப் பெட்டியில் படித்த வித்தை இது. ஒரே பெண்ணை வைத்திருக்கிறேன் மச்சான், ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் ஆற்காட்டுக்குப் போய் ஜாதகத்தில் தோஷம் தெரிகிறது என்று பக்குவமாகச் சொல்லி அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் வைத்திருக்கும் நிச்சயத்தை நிறுத்திவிடுங்கள். தோஷம் ஒன்றும் கிடையாது, மரியாதைக்காகச் சொல்வதுதான். அக்காவுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. குலதெய்வம் உங்கள் முழங்காலைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்
அருணகிரி

பின்குறிப்பு: ஆற்காட்டுக்குப் போக வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது சம்பந்தியம்மா போன் செய்தார்கள். "சோபா பாலிஷ் ஆயி எப்ப வருது? நிச்சயத்துக்கு இருக்கும்ல?" என்றார்கள். என் வாயிலிருந்து "வியாழக்கிழமை வந்துடும்மா" என்று வந்துவிட்டது. வைத்துவிட்டுப் பார்த்தால் தமிழினி எதிரில் நிற்கிறாள். "அப்பா, அம்மா எல்லாம் சொன்னாங்க. அவரு அன்னிக்கு பாலிஷுன்னு சொன்னது உங்க தலை குனியக் கூடாதுன்னுதான்பா" என்றாள். கடிதத்தை உறையிலிருந்து வெளியே எடுத்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதைக் கிழிக்கலாம்தான், இவ்வளவு பக்கம் எழுதிய கை வலிக்கிறது. நீங்கள் அடுத்த வாரம் புதன்கிழமையே வந்துவிடுங்கள், சோபாவின் அந்த முனையைத் தூக்க ஆள் வேண்டும். ஹலீமா பீயிடம் கேட்டுவிட்டேன். "எடுத்துக்கினு போங்கண்ணே, ஆனா விசேஷத்துக்கு வந்தா நான் அதுலதான் குந்துவேன்" என்கிறார். யாராவது கேட்டால் பாலிஷ் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லுங்கள். மாப்பிள்ளை கேட்க மாட்டார்.