பூட்டுக்காரனின் மேல்முறையீட்டை வாபஸ் வாங்கும்படி

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

சிறைக்குள்ளிருந்து தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. வெளியே நீங்கள் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும்.

நீங்கள் அலைந்து திரிந்து பிடித்த வக்கீல் நேற்று வந்து மேல்முறையீட்டு மனுவை வாசித்துக் காட்டினார். நல்ல மனிதர், கணீரென்ற குரல். ஆனால் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா மச்சான்? நகைக்கடை இரும்புப் பெட்டியை நான் திறக்கவில்லை என்று எழுதியிருந்தால் சரி, அது சத்தியம். அன்றைக்குக் காய்ச்சலில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன், உங்கள் தங்கை சொல்லியும் கோர்ட் நம்பவில்லை. இவரோ, அந்தப் பெட்டியைத் திறக்கும் திறமையே எனக்குக் கிடையாது என்று எழுதியிருக்கிறார்! இருபது வருஷமாகப் பூட்டுக்கடை வைத்திருப்பவனை! சாட்சிக்கு ஆள் வேறு பிடித்தாயிற்று. நான் செய்து கொடுத்த சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவை உடைத்து வீட்டுக்குள் போன பல் டாக்டர் ஒருவர். என் கைபட்ட பிறகு பூட்டு திறக்கவே இல்லையென்று சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு போன வாத்தியார் ஒருவர். அதெல்லாம் மட்டமான பூட்டு மச்சான், நான் என்ன செய்ய?

வக்கீலைக் கேட்டால், எல்லாம் என் வாயால் வந்ததாம். விசாரணையில் அரசு வக்கீல், "இந்த மாதிரிப் பெட்டியை உன்னால திறக்க முடியுமா?"ன்னு கேட்டாரு. "கண்ணைக் கட்டி விடுங்க, திறந்து காட்டுறேன்"னேன். அதை வச்சுத்தான் தண்டனையாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது ஒரு குத்தமா? நீதிபதி ஐயாவே நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கோர்ட்டில் என்னை ஒருவர் மதிப்பாகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பார்க்க வந்த உங்கள் தங்கை, "ஊர் சிரிச்சா சிரிக்கட்டும், நீங்க வீடு வந்து சேருங்க"ன்னு அழறா. "அப்புறம் எவன் என்கிட்ட சாவி செய்ய வருவான்?"னு கேட்டேன். "இப்ப மட்டும் வரிசையிலயா நிக்கிறாங்க?"ங்கறா. பாப்பா வாசலையே பார்த்துக்கிட்டுத் தூங்கிப் போகுதாம். வீட்டுக்கு வரணும்னு எனக்கு ஆசை இல்லையா? இன்னும் மூணு வருஷம் இங்க கிடக்க யாருக்குப் பிடிக்கும்? ஆனாலும் தீர்ப்புன்னா அச்சில் வரும் மச்சான். 'இவன் தொழில் தெரியாதவன்'னு ரெண்டு நீதிபதிங்க கையெழுத்துப் போட்டுட்டா, அப்புறம் நான் எந்த மூஞ்சியோட கடையைத் திறக்கிறது?

தண்டனை பெற்றவனுக்கும் உரிமை உண்டென்று சிறை எழுத்தர் படித்துச் சொன்னார். தீர்ப்பு நகலை இலவசமாகக் கேட்கலாம், வக்கீல் வைத்துத் தரும்படி கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம், செய்ததை வாபஸும் வாங்கலாமாம். அந்தக் கடைசி உரிமை எனக்குப் போதும். மனுவைத் திரும்பப் பெறும்படி வக்கீலிடம் உடனே சொல்லிவிடுங்கள். இதில் மாற்றமே கிடையாது.

பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
தன்மானமுள்ள தங்கள் தங்கை கணவன்

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஜெயிலர் ஐயா ஆள் அனுப்பிவிட்டார். ஆபீஸ் இரும்புப் பெட்டிச் சாவியைக் காணோமாம். நகைக்கடையில் இருந்த அதே ரகப் பெட்டி. எல்லோரும் சுற்றி நிற்க, காலையில் உட்கார்ந்தவன் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை கம்பியை விட்டுக் குடைந்தேன். கம்பி உள்ளேயே முறிந்துவிட்டது. பிறகு சாவி கிடைத்தது, ஆனால் இப்போது அதுவும் நுழைய மாட்டேன் என்கிறது. ஜெயிலர் ஐயா தலையில் அடித்துக்கொண்டு, "பெட்டியைத் திறந்தான்னு உன்னையா உள்ள போட்டாங்க?" என்றார். வாபஸ் வேண்டாம் மச்சான். அவரை முதல் சாட்சியாகப் போடச் சொல்லுங்கள். பெட்டிக்குள் இந்த மாதச் சம்பளம் மாட்டிக்கொண்டதால், காவலர்கள் அத்தனை பேரும் என் பக்கம் சாட்சி சொல்லத் துடித்துக்கொண்டிருக்கிறார்கள்.