தலைவருக்கு முடி உண்டு

மனித குலத்தின் மாபெரும் சாதனைகள் அனைத்தும், இல்லாத ஒன்றை இருப்பதாக நம்பியவர்களால்தான் நிகழ்ந்திருக்கின்றன. அந்த வரிசையின் கடைசியில் அடியேனுக்கும் ஓர் இடம் உண்டு என்பதைத் தன்னடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். கடந்த ஒன்பது ஆண்டுகளாக என் தலையில் முடி இருக்கிறது.

மற்றவர்களுக்கு அது சும்மா முளைக்கிறது. அதில் என்ன பெருமை? என்னுடையது உழைத்துச் சம்பாதித்தது. இடது காதுக்கு மேலே ஒரு சாண் நீளம் வளர்த்து, தண்ணீர் தொட்டு, உச்சந்தலை வழியாக வலது காது வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். இந்தப் பணி நாளொன்றுக்கு நான்கு முறை நடக்கும். காற்றடித்தால் ஆறு.

விஞ்ஞானத்தையும் நான் புறக்கணித்தவன் அல்லன். வெங்காயச் சாறு தேய்த்தேன்; மூன்று மாதம் யாரும் என்னோடு லிஃப்டில் ஏறவில்லை. முள்முள்ளான ஊசி உருளையைத் தலையில் உருட்டினேன். ‘உறங்கும் வேர்களைத் தட்டி எழுப்பும்’ சீரம் தடவினேன். வேர்கள் புரண்டு படுத்திருக்க வேண்டும். கடைசியாக, தலையைப் படம் பிடித்து அனுப்பினால் மதிப்பெண் போடும் செயலி ஒன்றை வாங்கினேன். குத்துமதிப்பாகக் கையை மேலே தூக்கி ஒரு படம் எடுத்து அனுப்பினேன். ‘தயவுசெய்து முழங்காலை அகற்றிவிட்டுத் தலையைக் காட்டவும்’ என்று பதில் வந்தது. தொழில்நுட்பம் இன்னும் முதிரவில்லை என்று தெரிந்துகொண்டு, படத்தைப் பார்க்காமலே நீக்கிவிட்டேன். தன் உச்சந்தலையைத் தானே உற்றுப் பார்ப்பது நாகரிகமானவர்கள் செய்யும் வேலையா?

தண்ணீர்க் குழாய் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் நான் நிர்வாகத் துணை மேலாளர். ‘ஒரு சொட்டும் கசியாது’ என்பது எங்கள் வாக்குறுதி. பதவிக்கு வந்ததும் நான் செய்த முதல் சீர்திருத்தம், அலுவலகத்தில் எந்த மின்விசிறியும் ஒன்றாம் எண்ணைத் தாண்டக் கூடாது என்ற சுற்றறிக்கை. காரணம்: மின்சிக்கனம்.

“சார், ரெண்டுலயாவது வைக்கலாமா? ரெஜிஸ்டர் எல்லாம் வேர்வையில ஒட்டுது” என்றார் கணக்குப் பிரிவு அம்மா.

“நாலு பேருக்கு நல்லதுன்னா கொஞ்சம் வேர்க்கட்டுமேம்மா” என்றேன்.

எங்கள் ஸ்டோர்கீப்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரை எல்லோரும் ‘பௌர்ணமி’ என்பார்கள். ஒளிவுமறைவு இல்லாத முழு வழுக்கை. கூப்பிட்டால் கோபப்படாமல் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். சீப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, லட்சியம் கிடையாது. காலையில் முகம் கழுவும்போதே தலையையும் கழுவித் துண்டால் துடைத்துவிட்டு வந்துவிடுவார். இப்படியும் ஒரு மனிதனா என்று எனக்கு அவர் மேல் தீராத எரிச்சல். ஆறு வருடமாக ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறவர். அவரை அடுத்த மாதம் நிரந்தரமாக்கும் கோப்பு என் மேசையில், என் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

அப்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

காலையில் அலுவலகக் கதவைத் திறந்தால் படிக்கட்டில் தண்ணீர் இறங்கி வருகிறது. முதல் மாடி ஆண்கள் கழிப்பறையில் ஒரு குழாய் இரவு முழுக்கத் திறந்து கிடந்திருக்கிறது. கைகழுவும் தொட்டி நிரம்பி, தரை நிரம்பி, கீழே ஸ்டோரில் அடுக்கி வைத்திருந்த நாலாயிரம் அட்டைப்பெட்டிகளும் கூழாகிவிட்டன. ஒவ்வொரு பெட்டியிலும் ‘ஒரு சொட்டும் கசியாது’ என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது.

பொது மேலாளர் உடனே ஐவர் விசாரணைக் குழு அமைத்தார். பாரபட்சமற்றவன் என்பதால் நானே தலைவர். கழிப்பறைக்கு வெளியே, நடைபாதைக் கூரையில் ஒரு கேமரா உண்டு. முந்தின நாள் மாலை ஆறு இருபதுக்குக் கடைசியாக வெளியே ஓடி வந்த ஆள் அதில் பதிவாகியிருந்தார். முகம் தெரியவில்லை. மேலிருந்து எடுத்த படம். பளபளவென்று ஒரு மண்டை. அதன் குறுக்கே ஈரமாக நாலைந்து கோடுகள்.

“யாருய்யா இந்த வழுக்கை?” என்று கர்ஜித்தேன்.

குழுவின் மற்ற நால்வரில் விற்பனைக்காரர் மேசையின் மரத்தை ஆராய்ந்தார். கணினிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தரக்கட்டுப்பாட்டுக்காரருக்கு இருமல் வந்தது. பொறுப்புணர்ச்சியோடு யோசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

“இந்த ஆபீஸ்ல வழுக்கை ஒரே ஒருத்தர்தானே? பௌர்ணமி! கேஸ் முடிஞ்சுது” என்றேன்.

கணக்கு அம்மா மெல்லத் தொண்டையைக் கனைத்தார். “சார்… அந்த ஆள் கையில சீப்பு மாதிரி ஏதோ இருக்கு.”

“ஸ்பேனரா இருக்கும்.”

“பல்லு பல்லா இருக்கு சார். அப்புறம், தொட்டி ஓட்டையில முடி அடைச்சிருந்துதுன்னு பிளம்பர் சொன்னாரு. ஒரு சாண் நீளமாம்.”

“பார்த்தீங்களா சதியை! எவன் முடியையோ கொண்டுவந்து போட்டுட்டுப் போயிருக்கான்.”

அறிக்கையில் ‘சீப்பு போன்ற கருவி’ என்று எழுதிக்கொண்டோம்.

பௌர்ணமியை அழைத்து விசாரித்தோம். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சார், என் தலையில கோடு எங்க இருக்கு? எனக்குச் சீப்பு எதுக்கு?”

“அதை நீதான்யா சொல்லணும்.”

“தப்பா எடுத்துக்காதீங்க. இது நீங்களா இருக்கக் கூடாதா சார்?”

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் நான் ஜனநாயகவாதி; வாக்கெடுப்புக்கு விட்டேன். ‘தலைவருக்கு முடி உண்டு’ என்பது தீர்மானம். நான்கு கைகளும் கூரையை நோக்கி உயர்ந்தன. கணக்கு அம்மா மட்டும் கையைத் தூக்கிக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை பாசம் என் மேல் இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

பௌர்ணமி கையைத் தூக்கவில்லை. “சரி சார், இருக்குன்னே வெச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டுக் கீழே போய், ஈரப் பெட்டிகளை உலர்த்த ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து, வெற்றிக் களிப்போடு அந்தப் படத்தை மனைவியிடம் நீட்டினேன். சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துக்கொண்டிருந்தாள்.

“இது யாருன்னு சொல்லு பார்ப்போம்!”

“நீங்கதான்.”

“சரியாப் பாருடி.”

“என்னங்க இது? பதினேழு வருஷமா பக்கத்துல நின்னு பரிமாறுறேன். மேலேருந்து உங்க மண்டையை எனக்குத் தெரியாதா?”

“மண்டை எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். இது எங்க ஸ்டோர்கீப்பர் பௌர்ணமின்னு குழுவே முடிவு பண்ணியாச்சு.”

“அந்த மச்சம்கூட உங்க மச்சம்தான்.”

எனக்கு அங்கே மச்சம் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதோடு சேர்ந்து திங்கட்கிழமை மாலையும் நினைவுக்கு வந்தது. குழாயைத் திறந்து முடியை நனைத்துக்கொண்டிருக்கிறேன். பொது மேலாளர் போனில் உடனே வரச் சொல்கிறார். சீப்பும் கையுமாக ஓடுகிறேன். குழாயை மூடியதாக மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

தட்டை நகர்த்தி வைத்தேன். “ஏன்டி, அப்ப ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குமா?” என்றேன்.

“உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும். அந்த மனுஷனுக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்குங்க. நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிடுங்க.”

போனேன். சத்தியமாகப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு, பொது மேலாளர் அறைக்குள் நுழைந்து, “சார், அந்த ஆள் நான்தான்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் பதறிவிட்டார். “என்ன சார் விளையாடுறீங்க? உங்களுக்கு முடி இருக்குன்னு குழுவே ஒருமனதாத் தீர்மானம் போட்டு, தலைமையகத்துக்குப் போயாச்சு. இப்ப இல்லேன்னா, நாலு பேரும் பொய் சொன்னதா ஆயிடாதா?”

“பௌர்ணமி வேலை போயிடும் சார்.”

அவர் யோசித்தார். கெட்ட மனிதர் இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். “ஒண்ணு செய்யலாம். அந்த முடியை ஒதுக்கிட்டு, தலையைக் கொஞ்சம் காட்டுங்க. கண்ணால பார்த்தேன்னு ஒரு வரி எழுதி அனுப்பிடறேன். அந்த ஆளு தப்பிச்சுடுவாரு. உங்களுக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட போயிடும்.”

ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். கையை இடது காது வரை கொண்டு போனேன். அந்த முடிகளைத் தொட்டேன். ஒன்பது வருடம்! ஒவ்வொன்றையும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே தட்டச்சுப் பெண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குக் காட்டறேன் சார்” என்றேன்.

மறுநாள் எனக்குத் தலைவலி. அதற்கடுத்த நாள் பொது மேலாளர் வெளியூர். சனிக்கிழமை, பௌர்ணமியை வேலையை விட்டு நீக்கும் தலைமையகத்தின் உத்தரவு வந்துவிட்டது. அவசரப்படாமல் நிதானமாகச் செயல்படுவது நல்ல நிர்வாகத்தின் இலக்கணம் என்று நான் எப்போதும் சொல்வதுண்டு.

பௌர்ணமி சாவிக்கொத்தை ஒப்படைக்க என் அறைக்கு வந்தார். அழவில்லை, திட்டவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“எனக்கும் முடி போனப்ப ஒரு வாரம் அழுதேன் சார். அப்புறம் விட்டுட்டேன். நீங்க ஒன்பது வருஷமா எப்படித் தாங்குறீங்க?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

நான் கோப்பைப் புரட்டினேன்.

“ஒரே ஒரு உதவி சார். சர்டிபிகேட்ல வேலையை விட்டு நீக்கின காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல ‘கவனக்குறைவு’ன்னு போட்டா வேற எந்த ஸ்டோர்லயும் என்னைச் சேர்க்க மாட்டாங்க. ஆறு வருஷத்துல என் கையில ஒரு வாஷர்கூடக் குறைஞ்சதில்ல. ‘வழுக்கை’ன்னு போடுங்க சார். அதுக்காகத்தானே அனுப்புறீங்க?”

நியாயமான கோரிக்கை. பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன். ஆனால் நிர்வாகி என்பவனுக்கு முன்யோசனை வேண்டாமா? ஒருவனை வீட்டுக்கு அனுப்ப வழுக்கையே போதும் என்று என் கையெழுத்தோடு பதிவாகிவிட்டால், அந்த விதி அடுத்ததாக எந்த நாற்காலியைத் தேடி வரும்? ‘கவனக்குறைவு’ என்று அழகாக எழுதி, முத்திரை குத்தி நீட்டினேன்.

அவர் நின்றுகொண்டே இரண்டு முறை படித்தார்.

“யாரோட கவனக்குறைவுன்னு எழுதலையே சார்?”

“அதுக்கு ஃபார்ம்ல இடம் இல்ல” என்றேன்.